பதின்மூன்று இலக்க எண் ஒன்று



கணக்கைப் பற்றி வானொலியில் பேச வருபவனுக்கு முதற் சங்கடம் கரும்பலகை இல்லாமைதான். கையில் சுண்ணக்கட்டி இல்லாத கணக்கு வாத்தியார் பாதி வாத்தியார். ஆகவே பலகையின் வேலையை இன்று நீங்கள்தாம் செய்ய வேண்டும். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை இடமிருந்து வலமாக, இலக்கம் இலக்கமாகச் சொல்லுகிறேன், எழுதிக்கொண்டே வாருங்கள். ஆறு, ஏழு, நான்கு, ஆறு, மூன்று, இரண்டு, எட்டு, மூன்று, எட்டு, எட்டு, எட்டு, பூச்சியம், பூச்சியம்.

பதின்மூன்று இலக்கங்கள். வலப்புறத்திலிருந்து முதலில் மூன்று இலக்கங்களையும், பின்னர் இரண்டிரண்டாகவும் பிரித்துக் காற்புள்ளி இட்டால் 67,46,32,83,88,800 ஆகும். நம் வழக்கப்படி வாசித்தால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இந்த நீண்ட பெயரை மறுபடியும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். இனி ‘நம் எண்’ என்றே அழைப்பேன்.

பெரிய எண் என்றால் அதன் பருமனையே பேசுவது நம்மவர் வழக்கம். வானத்து மீன்கள் எத்தனை, கடற்கரை மணல் எத்தனை என்று வியந்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவோம். ஆனால் பருமன் ஓர் எண்ணின் குணத்தைக் காட்டுவதில்லை. நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். பருமனில் இரண்டுக்கும் வேறுபாடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. குணத்திலோ இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். நம் எண்ணை 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். அதன் அண்டை வீட்டுக்காரரை 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. எப்போதும் ஒன்று மீதி நிற்கும். இந்தக் குணவேறுபாடுதான் இன்று நம் பேச்சுக்குப் பொருள்.

நம் எண் எங்கிருந்து வந்தது? 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அச்சான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் கடைசி எண் இதுவே. கட்டுரையின் ஆசிரியர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தவர், ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது இதை எழுதி முடித்தார். தாய்நாட்டுக் கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு, 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் அளித்ததற்கு ஆதாரமாக நின்றது இந்தக் கட்டுரையே. இராமாநுஜன் என்றவுடன் 1729 என்னும் எண்ணையும் வாடகைக் காரின் கதையையும் எதிர்பார்ப்பீர்கள். அந்தக் கதையை நீங்கள் போதுமான அளவு கேட்டாயிற்று. இன்று அது வேண்டாம்.

எண்களை அவற்றின் வகுத்திகளைக் கொண்டு இனம் பிரிப்பது மிகப் பழைய வழக்கம். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு வகுத்தி இல்லாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியவை அவ்வினம். மற்றவை பகு எண்கள். ஒன்று மட்டும் இரண்டிலும் சேராமல் தனித்து நிற்கும். கிரேக்க நாட்டினர் வேறொரு பிரிவும் வைத்திருந்தார்கள். ஓர் எண்ணின் வகுத்திகளில் அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டிப் பார்ப்பது அவர்கள் முறை. கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குச் சமமானால் நிறைவெண், குறைந்தால் குறைவெண், மிகுந்தால் மிகையெண். 6-க்கு 1, 2, 3 சேர்ந்து 6, அது நிறைவெண். 8-க்கு 1, 2, 4 சேர்ந்து 7, குறைவெண். 12-க்கு 1, 2, 3, 4, 6 சேர்ந்து 16; மிகையெண். ஏறத்தாழ கி.பி. 100-இல் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் என்பவர் தம் எண்கணித நூலில் இப்பிரிவை விரித்துரைத்து, அதற்கு ஒழுக்க நெறிக் கருத்துகளையும் ஏற்றிச் சொன்னார். எண்ணுக்கு ஒழுக்கம் கற்பிப்பதை நாம் அவரோடு விட்டுவிடலாம். நம் எண் மிகையெண்களிலும் பெரும் மிகையுடையது. அதன் வகுத்திகளில் தன்னை நீக்கி மற்றவற்றைக் கூட்டினால், தன்னைப்போல் நான்கே முக்கால் மடங்குக்கும் மேலே போய் நிற்கும்.

அத்தனை வகுத்திகளையும் எப்படி அறிவது? ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, நொடிக்கு ஓர் எண் வீதம் வகுத்துப் பார்ப்பதென்று புறப்பட்டால் நம் எண்ணை அடைய 2 லட்சத்து 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த வேலை நமக்கு வேண்டாம். வகுக்காமலே வகுத்திகளை எண்ணும் வழி ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் அதைப் பயிலலாம்.

சிறிய எண்ணாக 12-ஐ எடுத்துக்கொள்வோம். இதை உடைக்க முடிந்த மட்டும் உடைத்தால் 2, 2, 3 என்னும் மூன்று துண்டுகள் கிடைக்கும். 12-இன் வகுத்தி எதுவாயினும் இந்தத் துண்டுகளில் சிலவற்றைக் கொண்டே ஆனதாக இருக்க வேண்டும். இரண்டுகளில் ஒன்றும் எடுக்காதிருக்கலாம், ஒன்றை எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம். ஆக, மூன்று வழிகள். மூன்று என்னும் துண்டை எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். மூவிரண்டு ஆறு. எழுதிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. ஆறேதான். ஒவ்வொரு பகாக் காரணியும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

இப்பொழுது நம் எண்ணை உடைப்போம். அதில் ஆறு இரண்டுகள் உள்ளன, நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே முறை. ஐயமுள்ளவர்கள் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். ஆசிரியன் சொன்னான் என்பதற்காக ஒரு பெருக்கலை நம்புவது நல்ல பழக்கமன்று. விதியின்படி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, அப்புறம் ஐந்து முறை 2. இவற்றின் பெருக்கற்பலன் 10,080. ஆக, நம் எண்ணுக்குப் பத்தாயிரத்து எண்பது வகுத்திகள். இரண்டு லட்சம் ஆண்டு வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒரு வாரத்திலுள்ள நிமிடங்களின் தொகையும் 10,080-தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தற்செயல் என்றாலும், முற்றும் தற்செயலன்று. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இராமாநுஜன் எழுப்பிய கேள்வி இதுதான். தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகளை உடைய எண்கள் யாவை? அப்படிப்பட்ட எண்ணை ‘மிகுபகு எண்’ என்று சொல்லுவோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகிறது. 60-க்கு 12 வகுத்திகள். 60-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 கிடையாது. இவை பகா எண்களுக்கு எவ்வளவு மாறுபட முடியுமோ அவ்வளவு மாறுபட்டவை என்று இராமாநுஜனின் துணைவராக விளங்கிய பேராசிரியர் ஹார்டி கூறினார். பகா எண் எவருக்கும் இடம் கொடாத கஞ்சன். மிகுபகு எண் வாசற்கதவைத் தாழிடாத வீடு.

இந்த வரிசை எங்காவது முடிந்துவிடுமா? முடியாது. நிரூபணம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. எந்த எண்ணையும் இரட்டியுங்கள். பழைய வகுத்திகள் யாவும் இரட்டித்த எண்ணுக்கும் வகுத்திகள். அத்துடன் அந்த இரட்டித்த எண்ணும் புதிதாக ஒரு வகுத்தி. ஆகையால் வகுத்திகள் கூடியே தீரும். ஒரு மிகுபகு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில், அல்லது அந்த இருமடங்கிலேயே, அடுத்த மிகுபகு எண் வந்துவிடும்.

இவ்வெண்களின் கட்டடத்தை இராமாநுஜன் ஆராய்ந்த விதம் மிக எளிய இடத்தில் தொடங்குகிறது. 18-ஐப் பாருங்கள். அதில் ஓர் இரண்டும் இரண்டு மூன்றுகளும் உள்ளன, வகுத்திகள் ஆறு. இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி, இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் வைத்தால் 12 ஆகிறது; அதற்கும் ஆறு வகுத்திகள். சிறிய விலையில் அதே சரக்கு கிடைக்கும்போது 18-ஐ வாங்குவார் யார்? ஆகவே மிகுபகு எண்ணில் இரண்டுகளின் எண்ணிக்கை மூன்றுகளுக்குக் குறையாது. மூன்றுகள் ஐந்துகளுக்குக் குறையா. இப்படியே வரிசை இறங்கிக்கொண்டு போகும். 20-ஐப் போல மூன்றைத் தாண்டி ஐந்துக்குப் போவதும் கூடாது. 20-க்கும் ஆறு வகுத்திகளே. 12 அதனினும் மலிவு. நம் எண்ணின் வரிசையை மறுபடியும் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. கோயில் படிக்கட்டைப் போல இறங்குகிறது. எங்கும் படி உடையவில்லை. கடைசிப் படி எப்போதும் ஒன்றாகவே இருக்கும். 4, 36 என்னும் இரண்டு எண்கள் மட்டுமே இதற்கு விலக்கு என்றும் அவர் நிறுவினார். இவ்வினத்துக்குள்ளேயே மேலும் சிறந்தவை என்று ஓர் உட்பிரிவையும் அவர் வகுத்தார். நம் எண் அந்த உட்பிரிவில் இடம்பெறவில்லை. ஆனால் நம் எண்ணின் சரியாக மூன்றில் ஒரு பங்கு அங்கே வீற்றிருக்கிறது!

வாரத்தின் நிமிடங்களைப் பற்றிச் சொன்னேன். நாள், நாழிகை, அளவை முதலியவற்றை வகுத்த பழங்கால மக்கள் மிகுபகு எண்களை நாடியே சென்றிருக்கிறார்கள். பாகம் பிரிப்பதற்கு அவை இசைந்து கொடுக்கும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம்; நம் முறையில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை; பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகள் 60; வட்டத்துக்குப் பாகை 360. இவ்வளவும் மிகுபகு எண்கள். வாரத்து நிமிடமாகிய 10,080-ம் அப்படியே. ஆனால் எல்லா அளவையும் அப்படி அமைந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பழந்தமிழ்க் கீழ்வாய்க் கணக்கில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி நான்கு முந்திரி, மா பதினாறு முந்திரி, மாகாணி இருபது, அரைக்கால் நாற்பது, கால் எண்பது. அழகான அமைப்புத்தான், ஆனால் 320-க்கு மூன்று என்னும் காரணி இல்லை. கால் உண்டு, அரை உண்டு, முக்கால் உண்டு. மூன்றிலொன்றுக்கு இந்த வரிசையில் நேரான பங்கு இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் வழங்கிய ரூபாயில் 16 அணா, அதாவது 192 பைகள் இருந்தன. அதை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து அணா நான்கு பை, சண்டை இல்லை. நூறு பைசா ரூபாயை மூவர் பங்கிட்டுக்கொள்ளட்டும் பார்ப்போம். பத்தின் அடுக்கில் கணக்கெழுதுவது எளிது என்பதை மறுக்கவில்லை. பங்கிடுவதற்கு அது கைகொடாது என்பதே என் கட்சி.

1948-இல் ஏ. கே. சீனிவாசன் என்னும் இந்தியர் இந்த நாணய, நிறை அளவைகளைக் கருதியே ‘நடைமுறை எண்கள்’ என்றொரு வகையை வகுத்து வெளியிட்டார். கடைக்காரரிடம் 1, 2, 3, 4, 6 என எடைக்கற்கள் வகைக்கு ஒன்று வீதம் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். 5-க்கு 3-ம் 2-ம். 7-க்கு 4-ம் 3-ம். 11-க்கு 6, 4, 1. பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட எந்த நிறையையும் நிறுத்துவிடலாம். அந்தக் கற்கள் யாவும் 12-இன் வகுத்திகள். ஆகையால் 12 ஒரு நடைமுறை எண். பத்துக்கு அந்தத் தகுதி இல்லை. அதன் வகுத்திகளாகிய 1, 2, 5 ஆகியவற்றை வைத்துக்கொண்டு நான்கை நிறுக்க முடியாது. நம் எண்ணோ நடைமுறை எண்தான். அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணையும் அதன் வெவ்வேறு வகுத்திகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம்.

மகாராஷ்டிரத்துத் தேவளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் மற்றொரு வகையைக் கண்டார். ஓர் எண் தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடுமானால் அது ‘ஹர்ஷத்’ எண். மகிழ்ச்சி தருவது என்று பொருள். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 63. அது நம் எண்ணை வகுக்கிறது. இதில் வேடிக்கை உண்டு. எனினும் ஒன்று கவனிக்க வேண்டும். நாம் பத்து விரல்களுடன் பிறந்து பத்தின் அடுக்கில் எண்களை எழுதுவதால் அமைந்த குணம் இது. எட்டு விரல் மனிதர்கள் எழுதினால் இலக்கங்கள் மாறும், கூட்டுத்தொகையும் மாறும். ஆனால் அவர்கள் எண்ணினாலும் வகுத்திகள் அதே பத்தாயிரத்து எண்பதுதான். முன்னது எழுத்தின் குணம். பின்னது எண்ணின் குணம்.

இப்பொழுது 5040 என்னும் எண்ணுக்கு வருவோம். அதுவும் மிகுபகு எண், அறுபது வகுத்திகள். பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில், தாம் கற்பனை செய்த நகரத்துக்குக் குடிகள் 5040 இருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த எண்ணை 1 முதல் 10 வரை எதனாலும் வகுக்கலாம் என்பதையும், அதன் பாகங்கள் அறுபதுக்கு ஒன்று குறைவு என்பதையும் அவரே எடுத்துரைக்கிறார். தன்னைத் தவிர்த்து எண்ணினால் 59 என்பது சரியே. நிலத்தைப் பங்கிடவும், வரி தண்டவும், படை பிரிக்கவும் அது வசதி என்பது அவர் கருத்து.

பிளேட்டோவுக்குப் பிறகு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, எதிர்பாராத ஓர் இடத்தில் அதே 5040 மீண்டும் தலைகாட்டியது. லண்டன் கணிதக் கழகத்துக்கு அந்நாளில் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமாநுஜன் தம் கட்டுரையின் பிற்பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அந்தப் பகுதி 1988-இல் அவருடைய வெளிவராத தாள்களோடு சேர்ந்து வெளிவந்தது. 1997-இல் நிக்கோலா, ரோபின் என்னும் இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புரையுடன் அதை முறையாக வெளியிட்டார்கள். ஓர் எண்ணின் வகுத்திகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைப்போல் எத்தனை மடங்கு வரை உயரலாம் என்னும் ஆராய்ச்சியும் அதில் அடங்கும்.

கல்லூரி மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்ணின் இயற்கை மடக்கையை எடுங்கள். அதற்கு மறுபடியும் மடக்கை எடுங்கள். அதை ஏறக்குறைய 1.781-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது ஒரு வரம்பு. நம் எண்ணுக்கு அவ்வரம்பு 6.03. நம் எண்ணின் வகுத்திகளை, அதனையும் சேர்த்துக் கூட்டினால் 5.84 மடங்கு, வரம்புக்கு உட்பட்டே நிற்கிறது. 5040-க்கு வரம்பு 3.82, அதன் கூட்டுத்தொகையோ 3.84 மடங்கு. அது வேலியைத் தாண்டிவிட்டது. 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் இந்த வேலியைத் தாண்டுவதில்லை என்று நிரூபித்துவிட்டால், 1859-இல் ரீமன் வெளியிட்டு இன்றளவும் நிரூபிக்கப்படாமலிருக்கும் கருதுகோள் உண்மையாகிவிடும். ஓர் எண்ணாவது தாண்டினால் அது பொய்யாகிவிடும். இதை ரோபின் 1984-இல் நிறுவினார். அந்தக் கருதுகோளை மெய்யென்று கொண்டால் மிகப் பெரிய எண்கள் இவ்வேலிக்குள் அடங்கும் என்பதை இராமாநுஜன் தம் வெளிவராத தாள்களில் எழுதி வைத்திருந்தார். அச்சுக்கூலிக்குப் பயந்து பெட்டிக்குள் போன தாள்கள் அவை.

கடைசியாக ஒரு செய்தி. இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்த 102 எண்களின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 24,094 கோடியே 2 லட்சத்து 99 ஆயிரத்து 600 என்னும் எண் அதில் உள்ளது. அதில் நான்கு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், ஓர் ஏழு, பின்னர் 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொரு முறை, வகுத்திகள் 4800. அடுத்து 32,125 கோடியே 37 லட்சத்து 32 ஆயிரத்து 800 என்னும் எண். அதில் ஆறு இரண்டுகள், மூன்று மூன்றுகள், மற்றவை முன்போலவே, வகுத்திகள் 5376. இவ்விரண்டுக்கும் நடுவில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்று ஓர் எண் இருக்கிறது. ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், 11, 13, 17, 19. விதிப்படி கணக்கிடுங்கள்: 7, 5, 3, 3, நான்கு முறை 2, பெருக்கினால் 5040. நான்காயிரத்து எண்ணூறுக்கு மேல், ஐயாயிரத்து முந்நூற்று எழுபத்தாறுக்குக் கீழ். மிகுபகு எண்ணுக்குரிய இலக்கணம் முழுதும் பொருந்துகிறது. பட்டியலில் அது இல்லை. அதையும் சேர்த்தால் 103.

இரு பக்கத்து எண்களிலும் 23 இருக்கிறது; இதில் இல்லை. அதற்கு ஈடாக ஓர் ஏழு கூடுதலாக இருக்கிறது. வரிசை 23-ஐ வழக்கமாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு, அதில்லாமல் பின்தங்கி வந்த எண் கண்ணுக்குத் தப்பியிருக்கக்கூடும் என்பது என் ஊகம். இன்று கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை. அன்று எல்லாம் காகிதமும் கையும்.

இதைச் சொல்வதால் அப்பெருமகனாரின் புகழ் குறையுமோ என்று அஞ்சுகிறவர்கள், அவரை நாமகிரித் தாயார் கனவில் வந்து எண் சொல்லிப்போன அதிசயப் பிறவியாக மட்டும் காட்டிவிட்டு, கட்டுரையை மாணவனுக்குத் திறந்து காட்டாமல் மூடி வைக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அதிசயத்தைக் கும்பிடலாம், கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்க முடியாது. நூறு கணக்குகளைக் கையால் போட்டு ஒன்றை விட்ட மனிதரிடம் பள்ளி மாணவன் பென்சிலோடு நெருங்கிப் போகலாம். அவர் எங்கே எப்படி நடந்தார் என்று அடிச்சுவடு பார்க்கலாம்.

விடுபட்ட அந்த எண்ணைத் தனியே ஓரிடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 2,93,31,86,25,600. அதன் வகுத்திகள் 5040, பிளேட்டோவின் எண். 5040-இன் வகுத்திகள் 60, நாழிகையின் எண். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4; இறங்கி வரும் வழியெல்லாம் மிகுபகு எண்களே. இப்பொழுது அந்த எண்ணை, அதில் இல்லாத 23-ஆல் பெருக்குங்கள். நிதானமாகப் பெருக்குங்கள். கிடைப்பது என்ன? 67,46,32,83,88,800. நாம் தொடக்கத்தில் எழுதிய அதே எண். பட்டியலின் கடைசி எண். நடுவில் விடுபட்டது, முடிவில் 23 மடங்காக வந்து நிற்கிறது.

பட்டியல் நின்ற இடத்துக்கு அடுத்தது எது என்று கேட்பீர்கள். நம் எண்ணிலிருந்து ஒரு மூன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இரண்டு இரண்டுகளை வையுங்கள். எண் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகி 89,95,10,45,18,400 ஆகும். இரண்டுகள் எட்டு, மூன்றுகள் மூன்று, மற்றவை இருந்தபடியே. வகுத்திகள் 10,368 வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.